வராதவர்களின் பெயர்ப் பட்டியல்

உளநலச் சேவையில் தொழில்நுட்பம் என்று யாராவது பேசத் தொடங்கினால், யாழ்ப்பாணத்தில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு உடனே கைபேசிச் செயலியும் செயற்கை நுண்ணறிவும்தான் நினைவுக்கு வருகின்றன. என்னுடைய எண்ணம் அதைவிட மிகச் சாதாரணமானது. எங்கள் பக்கத்து உளநலக் கிளினிக் ஒன்றுக்கு முதலில் தேவைப்படுவது, அன்றைக்கு வந்திருக்க வேண்டிய, ஆனால் வராத நோயாளரின் பெயர்ப் பட்டியல். அந்தப் பட்டியல் அன்று பிற்பகலுக்குள், அவர்களைத் தேடிப் போகக்கூடிய ஒருவரின் கையில் இருக்க வேண்டும். மற்றவை அதற்குப் பிறகு வரலாம்.

கையால் எழுதப்படும் பதிவேடு இந்தக் கேள்விக்குப் பதில் தராது. வந்தவரின் பெயர் அதில் ஏறுகிறது, மருந்து எழுதப்படுகிறது, அடுத்த திகதி நோயாளரின் கொப்பியில் குறிக்கப்படுகிறது. அடுத்த திகதி இருப்பது பல இடங்களில் அந்தக் கொப்பியில் மாத்திரமே. அவர் வராமல் விட்டால் அவருடன் சேர்ந்து கொப்பியும் வராது. அவர் வரவில்லை என்பதைக் கிளினிக்குக்குச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியும் வீட்டு அலுமாரியில் கிடக்கும். வந்தவர்களை எண்ணுவதற்கு மாத்திரம் பழகிய பதிவேடு, மாத முடிவில் மேலதிகாரிகளுக்கு ஒரு தொகையைக் கொடுக்கும். அந்தத் தொகை கூடினாலும் குறைந்தாலும், யார் உள்ளே வந்தார், யார் நழுவிப் போனார் என்பதை அதைப் பார்த்து அறிய முடியாது.

மற்ற நோய்களிலும் இந்தக் குறை இருக்கிறதுதான். ஆனால், நீரிழிவுக் கிளினிக்குக்கு ஒருவர் வராமல் விடும்போது தனக்கு நீரிழிவு இருப்பதை அவர் பெரும்பாலும் மறுப்பதில்லை. எண்ணமும் புலனுணர்வும் நிலைகுலையும் மனச்சிதைவு நோயிலும், அளவுமீறிய உற்சாகமும் கடுஞ்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை உளநோயிலும், நோய் திரும்பி வரும்போது முதலில் பறிபோவது தனக்கு நோய் இருக்கிறது என்ற உணர்வுதான். மருந்து தேவையில்லை என்றோ, மருந்தில்தான் கேடு இருக்கிறது என்றோ தோன்றத் தொடங்குகிறது. அந்த எண்ணத்தின் முதல் வெளிப்பாடு, கிளினிக்குப் போகாமல் விடுவது. ஆகவே, இங்கே வராமை என்பது நிர்வாகச் சிக்கலாக மாத்திரம் இருப்பதில்லை. சிகிச்சை கொடுப்பவரின் கண்ணுக்குப் புலப்படக்கூடிய முதலாவது நோய் அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும்.

என் சின்னம்மா நீண்ட காலமாக உளநோய்க்கு நீண்டநாள் ஊசி போட்டு வருபவர். புளூபெனசின் டெக்கனோவேட் போன்ற இந்த ஊசிகள் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு தடவை தசையில் ஏற்றப்படுபவை. எண்ணெயில் கரைந்திருக்கும் மருந்து மெல்ல மெல்ல இரத்தத்தில் கலக்கும். அவருடைய கிளினிக் கொப்பி, உடுப்புக்கடைப் பை ஒன்றினுள் மடித்து, சாமிப்படத் தட்டுக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கும். அதை ஒரு நாள் முழுமையாகப் புரட்டிப் பார்த்தேன். மருந்தின் பெயர்கள் ஆங்கிலச் சுருக்கெழுத்தில், மருத்துவருக்கு மருத்துவர் மாறும் கையெழுத்தில் இருந்தன. மாரி ஈரத்தில் சில பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன. கடைசி மட்டையின் உட்புறத்தில் மாத்திரம், ஏதோ ஒரு தாதி, சின்னம்மா வாசிப்பதற்காக அடுத்த ஊசித் திகதிகளைப் பெரிய எழுத்தில் தமிழில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, முடிந்தவற்றைக் கோடிட்டு வெட்டியிருந்தார். அந்தக் கொப்பியிலேயே எனக்கு ஒழுங்காக விளங்கிய பக்கம் அதுதான். அதற்கு முந்திய கொப்பிகளில் ஒன்று 1995 இல் போரால் நேர்ந்த வலிகாமம் இடப்பெயர்வோடு போய்விட்டது. எந்த மருந்தில் அவருக்குக் கை நடுங்கியது, எதை எவ்வளவுக்கு மேல் கூட்டக்கூடாது என்ற விடயங்களும் அதோடு போயின.

ஒரு வருடம், ஊசித் திகதி நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வந்தது. "நாளைக்குத் தேர், நான் ஊசி போட வரமாட்டன்" என்றார். அடுத்த கிழமை போகலாம் என்று எல்லோரும் நினைத்தோம். அடுத்த கிழமை அவர் போக மறுத்தார். நீண்டநாள் ஊசியின் தன்மையே இதில் ஏமாற்றுவதாக இருக்கிறது: தவறவிட்ட மறுநாள் எதுவும் நடப்பதில்லை, உடலில் மிஞ்சியிருக்கும் மருந்து இன்னும் சில வாரங்களுக்குக் காப்பாற்றும், வீட்டாரும் ஊசி இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறார் என்று ஆறுதல் அடைவார்கள். பிறகு அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத் தொடாமல், அயல் வீட்டுக் கிணற்றில் அள்ளி வந்து வடிகட்டிக் குடிக்கத் தொடங்கினார். வைத்தியசாலை விடுதியில் அனுமதிக்கப்படும் வரைக்கும் கிளினிக்கிலிருந்து எவரும் எங்களைக் கேட்கவில்லை. அங்கே வேலை செய்தவர்களை நான் நோகமாட்டேன். நிரம்பி வழியும் ஒரு காலைப்பொழுதில் கண்ணெதிரே நிற்பவரைப் பார்ப்பதா, நிற்காதவரை நினைத்துப் பார்ப்பதா? நினைத்துப் பார்க்க வேண்டிய வேலையைத்தான் ஓர் இயந்திரத்திடம் கொடுக்கலாம் என்கிறேன். தவறிய திகதிக்கும் நோய் திரும்புவதற்கும் இடையில் கிடைக்கும் அந்தச் சில வாரங்கள், ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு வீட்டுத் தரிசிப்பும் பயன்படக்கூடிய காலம்.

இந்தப் பட்டியலை அகரவரிசையில் அடுக்கினால் அது இன்னொரு பதிவேடாகிவிடும். யாருடைய வராமை எவ்வளவு அவசரமானது என்பதை மருந்தே தீர்மானிக்கிறது. நீண்டநாள் ஊசிக்குச் சில நாள் தாமதம் பெரிதாகத் தெரியாது. குளோசப்பினில் அப்படியில்லை. மற்ற மருந்துகள் கைகொடுக்காதபோது தரப்படும் இந்த மருந்தை 48 மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தியிருந்தால், பழைய அளவில் மீண்டும் விழுங்குவது ஆபத்து, 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாகத்தான் திரும்பவும் ஏற்ற வேண்டும். அதோடு, வெண்குருதிக் கலங்கள் அபாயகரமாகக் குறையக்கூடும் என்பதால், வழக்கமான நடைமுறையில் முதல் 18 வாரங்களுக்கு வாராந்தம் இரத்தப் பரிசோதனை செய்யப்படும். ஆகவே, குளோசப்பின் எடுக்கும் ஒருவர் மருந்துக்கு வரவில்லை என்றால் அவருடைய பெயர் அன்றைக்கே மேலே வர வேண்டும். இதற்குச் செயற்கை நுண்ணறிவு எதுவும் தேவையில்லை. மருந்தின் பெயர், கடைசியாகக் கொடுத்த திகதி, கொடுத்த நாள்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒழுங்காகப் பதியப்பட்டிருந்தால், மிகுதி கூட்டல் கழித்தல்தான்.

பட்டியல் தயாரானதும் அடுத்த கேள்வி, போவது யார் என்பது. இலங்கையின் 2005 ஆம் ஆண்டு உளநலக் கொள்கை, சேவையைப் பெரிய மருத்துவமனைகளிலிருந்து மாவட்டங்களுக்கும் சமூகத்துக்கும் கொண்டு செல்வதை முன்வைத்தது. சமூக உளநலத் தாதியர், உளநல மருத்துவ உத்தியோகத்தர் போன்ற பதவிகளுக்கு அந்தச் சிந்தனையே அடிப்படை. போர்க்காலத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய உளமருத்துவ நிபுணர்கள் இங்கே ஆசிரியரையும் சமூகப் பணியாளரையும் பயிற்றுவித்து வேலை செய்ததற்கும் காரணம் இருந்தது: விடுதிக்கு வருபவரை மாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தால் ஊரை எட்டவே முடியாது. அந்த வழிமரபு எங்களிடம் இருக்கிறது. ஆனால், ஒரு தாதி காலையில் மோட்டார்சைக்கிளை எடுக்கும்போது இன்றைக்கு எந்த வீட்டுக்குப் போவது என்பதைத் தன் நினைவாற்றலை நம்பியே முடிவெடுக்க வேண்டியிருந்தால், அவருடைய அரை நாள் வீணாகிறது.

தீவுப்பகுதிக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், அதன்பின் பேருந்து. சோளகக் காற்றோ வாடைக் காற்றோ பலத்தால் படகு இல்லை. காற்றுக்கு ஒதுங்கி வீட்டில் இருந்தவரையும் மருந்தை வெறுத்து வீட்டில் இருந்தவரையும் ஒரே வகையாகப் பதியும் முறைமை பயனற்றது. படகு நின்ற கிழமையில் அங்குள்ள வைத்தியசாலையிலேயே ஊசியைப் போடுவதற்கும், நிபுணர் காணொளியில் பேசுவதற்கும் தொழில்நுட்பம் ஏற்கனவே எல்லோருடைய சட்டைப்பையிலும் இருக்கிறது. இல்லாதது, அந்த நோயாளரின் மருந்தும் அளவும் கடைசித் திகதியும் அந்த வைத்தியசாலையின் திரையில் தெரிவதற்கான ஏற்பாடு.

இனி என் தொழில் சார்ந்த, எனக்கு மிகவும் பிடித்தமான சிக்கலுக்கு வருகிறேன். ஒருவரை ஒருவர்தான் என்று ஒரு தரவுத்தளம் எப்படி அறிந்துகொள்வது? மேற்கு நாட்டு மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்துக்கொண்டு வருகின்றன. எங்களுக்குக் குடும்பப்பெயர் இல்லை. தகப்பனின் பெயர் முன்னால் நிற்கிறது. பெண் திருமணமானதும் அந்த இடத்தில் கணவனின் பெயர் வந்து உட்காருகிறது. ஆகவே, இருபது வயதில் நோய் தொடங்கி இருபத்தைந்தில் திருமணமான ஒரு பெண், பதிவேட்டில் இரண்டு பெண்களாகிவிடுகிறார். பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது சிவ என்பதில் எஸ் எழுத்துக்குப் பிறகு எச் சேர்ப்பவரும் உண்டு, சேர்க்காதவரும் உண்டு. ஈகாரத்துக்கு ஓர் ஐ போடுபவரும் உண்டு, இரண்டு ஈ போடுபவரும் உண்டு. ஒலியை வைத்துப் பெயர்களைப் பொருத்தும் சவுண்டெக்ஸ் என்ற முறை அமெரிக்காவில் 1918 இலேயே காப்புரிமை பெற்றது. ஆனால், அது ஆங்கிலக் காதுக்குச் செய்யப்பட்டது; ழகரமும் ளகரமும் லகரமும் ஒரே ஆங்கில எழுத்தில் வந்து விழும் எங்கள் பெயர்களுக்குத் தனி விதிகள் எழுத வேண்டும். பெயரை முதலில் தமிழில், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறிமுறையில் பதிந்து, ஆங்கில வடிவத்தைக் கணினியே உருவாக்கும்படி விட்டால் பாதித் தலையிடி தீரும். ஆனால், பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகிய அலுவலகங்களில், திரையில் தமிழாகத் தெரிவது கோப்பினுள் வெறும் ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கிறது. அதில் எதையும் தேடிப்பிடிக்க முடியாது.

தேசிய அடையாள அட்டை இலக்கம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, இரண்டு வடிவங்களில். பழையது ஒன்பது இலக்கமும் இறுதியில் வீ அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் கொண்டது. புதியது பன்னிரண்டு இலக்கம் கொண்டது. பழையதைப் புதியதாக மாற்றுவது கடினமில்லை: பிறந்த ஆண்டுக்கு முன்னால் 19 சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பின்னால் ஒரு பூச்சியத்தைச் செருகி, எழுத்தை நீக்கினால் போதும். சில வரி நிரலில் முடியும் இந்த வேலையைச் செய்யாமல் விட்ட முறைமை, ஒரே மனிதருக்கு இரண்டு கோப்புகளைத் திறந்துவிடும். அதுவுமின்றி, உளநோயோடு நெடுங்காலம் வாழ்ந்தவரிடமும் இடப்பெயர்வில் ஆவணங்களை இழந்தவரிடமும் அடையாள அட்டையே இல்லாதிருப்பது புதினமான விடயமில்லை. ஆகவே, அட்டை இல்லாதவருக்கும் ஒரு தனி இலக்கம் வழங்கி, அட்டை கிடைத்த பிறகு இரண்டையும் இணைக்கும் வழி முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். 2022 இல் எரிபொருளுக்குச் சில வாரங்களில் கியூஆர் அட்டையைக் கொண்டுவந்த நாடு இது. பெற்றோல் வரிசையை ஒழுங்குபடுத்திய அதே நாட்டில் நோயாளருக்கு ஒரு நிலையான இலக்கம் இன்னும் எல்லா இடத்திலும் நடைமுறையாகவில்லை என்பதை, திறமைக் குறைவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரே மனிதருக்கு ஒரே கோப்பு என்பது ஒழுங்குக்காக மாத்திரம் தேவைப்படுவதில்லை. லிதியம் எடுக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். இருமுனை உளநோய்க்கு அது அருமையான மருந்து. ஆனால், பயன்தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடையே உள்ள வெளி மிகக் குறுகியது. இரத்தத்தில் லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரையில் வைத்திருக்க முயல்வார்கள், 1.5 ஐத் தாண்டினால் நஞ்சேறலின் அறிகுறிகள் தோன்றத் தொடங்கும். அந்த மனிதருக்கு இரத்த அழுத்தமும் வந்து, வேறொரு நாளில், வேறொரு கட்டடத்தில், வேறொரு கொப்பியில் எனலாப்ரில், லொசாற்றன் அல்லது தயசைட் வகை நீர் மாத்திரை எழுதப்படுகிறது. மூட்டு நோவுக்கு மருந்துக்கடையில் டைக்ளோபெனக் வாங்கிப் போடுகிறார். இவை யாவும் சிறுநீரகம் லிதியத்தை வெளியேற்றுவதைக் குறைத்து, இரத்தத்தில் அதன் அளவை உயர்த்தக்கூடியவை. வைகாசி வெயிலில் தோட்டத்தில் நின்று வியர்த்து, தண்ணீரும் குறைவாகக் குடித்தால் நிலை இன்னும் மோசமாகும். இரண்டு கொப்பிகளும் ஒரே பைக்குள் இருந்தும் ஒன்றையொன்று அறியா. மருந்து எழுதும் தருணத்தில் திரையில் ஒரு சிவப்பு வரி தோன்றுவது இந்த இடத்தில் உயிர்காக்கும். அதே வேளை, எதற்கெடுத்தாலும் சிவப்பு வரி காட்டும் மென்பொருளை மருத்துவர்கள் வாசிக்காமலே மூடிவிடுவார்கள் என்பதும் உலகெங்கும் கண்ட அனுபவம். எச்சரிக்கைகளைக் குறைத்து வைப்பதும் வடிவமைப்பின் பகுதிதான்.

கடும் உளநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முந்தி இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறிவருகிறது. அந்த இறப்புகளில் பெரும்பங்கு இதயநோய் போன்ற உடல்நோய்களால் நேர்வது. உளநலக் கிளினிக்கில் நிறையும் இடுப்புச் சுற்றளவும் இரத்தச் சீனியும் ஒழுங்காகப் பதியப்படுவதற்கு இதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

அளவிடுவது என்று வரும்போது, உளநலத்தில் எதை அளப்பது என்று கேட்பவர்கள் உண்டு. மனச்சோர்வுக்குப் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் உலகெங்கும் பயன்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 ஐ எட்டினால் மேலும் விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். தாளுக்கு நோயை அறியும் ஆற்றல் இல்லை, அறிய வேண்டியது மருத்துவரே. ஆனால், சென்ற மாதம் 19 ஆக இருந்தது இந்த மாதமும் 18 இல் நின்றால், "கொஞ்சம் சுகம்" என்ற பதிலுக்கு அப்பால் ஏதோ கேட்க வேண்டியிருக்கிறது என்று அது நினைவூட்டும். நோயாளரைக் கேட்டால், "பரவாயில்லை ஐயா, மருந்தைத் தாங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு இடம் விடுவது எங்கள் மரியாதை. எண் அந்த மரியாதைக்குள் ஒளிந்திருப்பதை வெளியே இழுக்கும்.

இங்கிலாந்தில் 2008 இல் தொடங்கிய பேச்சுவழிச் சிகிச்சைத் திட்டம் இதில் ஒரு நுட்பமான பாடத்தைத் தருகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் மாத்திரம் அளந்தால், நடுவில் நின்றுவிட்டவர்களின் விளைவு ஒருபோதும் கணக்கில் வராது. நின்றவர்கள் பெரும்பாலும் குணம் குறைந்தவர்களாக இருப்பதால், சேவை தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும். ஆகவே, அவர்கள் ஒவ்வொரு சந்திப்பிலும் அளக்கத் தொடங்கினார்கள். எப்போது நின்றாலும் கடைசி அளவு ஒன்று கையில் இருக்கும். வராதவர்களையும் கணக்கில் வைத்திருப்பதற்கு இது இன்னொரு வழி.

அதே தாளின் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது அல்லது தன்னை வருத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பதைப் பற்றியது. அதற்கு ஒருவர் ஆம் என்று குறித்த தாள், தரவு உள்ளீடு செய்பவரின் மேசையில் மாத முடிவு வரை அடுக்கிக் கிடக்குமானால், அந்தக் கேள்வியைக் கேட்காமலே விட்டிருக்கலாம். கேட்டவரே அதே இருக்கையில் அடுத்த கேள்வியைக் கேட்கப் பயிற்றப்பட்டிருக்க வேண்டும். யாரிடம் அனுப்புவது என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். வாசிப்பவர்களில் எவருக்காவது அந்த எண்ணம் இப்போது இருந்தால், தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

தரவு உயிர்காக்குமா என்று ஐயப்படுபவர்களுக்கு உள்ளூர் உதாரணமே இருக்கிறது. 1995 இல் இலங்கையின் தற்கொலை வீதம் 100,000 பேருக்கு ஏறத்தாழ 47. உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. காவல்துறைப் பதிவுகளும் வைத்தியசாலைகளின் நஞ்சேறல் பதிவுகளும், இறப்புகளில் பெரும்பங்கு சில குறிப்பிட்ட பீடைகொல்லிகளால் நேர்கிறது என்பதைக் காட்டின. மிக நச்சான வகைகள் 1995 அளவிலும், எண்டோசல்பான் 1998 இலும், பரகுவாட் உள்ளிட்ட மேலும் சில 2008 முதல் 2011 வரையிலும் தடைசெய்யப்பட்டன. 2005 அளவில் வீதம் பாதியாகியிருந்தது, பிறகும் இறங்கியது. இதில் கவனிக்க வேண்டியது, நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தவர்களின் தொகை அதற்கேற்பக் குறையவில்லை என்பது. துயரம் அப்படியே இருந்தது, இறப்பு குறைந்தது. எந்த நஞ்சு, எத்தனை பேர், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று யாரோ ஒரு விடுதியில் பொறுமையாக எழுதி வைத்திராவிட்டால், தடைசெய்ய வேண்டியது எது என்பதே தெரிந்திராது. தங்கள் பயிர் அழியும் என்று வாதிட்டவர்களுக்கும் விளைச்சல் தரவைக் கொண்டு, விளைச்சல் குறையவில்லை என்று பதில் சொல்ல முடிந்தது.

ஆனால், எழுதிக் கொடுப்பவருக்கு எதுவும் திரும்பி வராத தரவு நாளடைவில் கெட்டுப்போகும். குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் எத்தனை படிவங்களைச் சுமக்கிறார் என்பதைக் கிராமத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். மேலே அனுப்பிய எண் எதற்குப் பயன்பட்டது என்று அவருக்கு ஒருபோதும் தெரியாதபோது, சென்ற மாத எண்ணைப் பார்த்து இந்த மாத எண்ணை எழுதுவது மனித இயல்பு. இதற்கு மாறான உதாரணமும் உண்டு. 2020 தொடக்கத்தில், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்த மூல சுகாதாரத் தகவல் மென்பொருளைக் கொண்டு, கொரோனாத் தொற்றைப் பின்தொடரும் முறைமையை உலகில் முதலில் கட்டியவர்கள் இலங்கையர். பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. விமான நிலையத்தில் பதிந்த பெயர் மறுநாள் பிரதேச சுகாதார அதிகாரியின் திரையில் தேவைப்பட்டதால்தான் அங்கே தரவு சுத்தமாக இருந்தது என்பது என் கணிப்பு. உளநலக் கிளினிக்கின் வராதோர் பட்டியலுக்கும் அந்தத் தன்மை இருக்கிறது: காலையில் பிழையாகப் பதிந்தால் பிற்பகலில் பிழையான வீட்டுக் கதவைத் தட்டவேண்டி வரும்.

கதவைத் தட்டுவது என்று சொன்னதும் எங்கள் ஊர் ஆட்கள் கேட்கும் முதற் கேள்வி, அயலுக்குத் தெரிந்துவிடாதா என்பது. நியாயமான கேள்வி. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் கோப்புகள் திருடப்பட்டு, ஏறத்தாழ 33,000 பேரின் அந்தரங்கங்களை வைத்து 2020 இல் கப்பம் கேட்கப்பட்டது. நிறுவனம் அடுத்த வருடமே வங்குரோத்தானது. அமெரிக்காவில் பெற்றர்ஹெல்ப் என்ற இணையவழிச் சிகிச்சை நிறுவனம், பயனர்களின் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்த விடயத்தில், 2023 இல் 78 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. இவை பெரிய இடத்து ஆபத்துகள். யாழ்ப்பாணத்து ஆபத்து இன்னும் பக்கத்தில் இருக்கிறது: திரைக்கு முன்னால் இருப்பவர் ஒருவேளை உங்கள் ஊரவர், உங்கள் மகளுக்குப் பேசி வந்த சம்பந்தத்தின் தூரத்து உறவு. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால், வெளிநாட்டு மாப்பிள்ளை வீட்டார் தொலைபேசியில் "அந்தப் பிள்ளைக்கு ஏதும் வருத்தம் இருக்கோ" என்று கேட்டால், கோப்பைத் திறந்து பார்க்கும் ஆவலை அவருடைய நல்ல குணத்திடம் மாத்திரம் ஒப்படைக்கக் கூடாது.

இந்த இடத்தில் கடதாசியைவிடக் கணினியால் உண்மையில் சிறப்பாகச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. கடதாசிக் கோப்பை யார் புரட்டினார் என்பதற்குத் தடயம் இல்லை. கணினியில் ஒவ்வொரு திறப்பையும் பெயர், நேரத்தோடு அழிக்க முடியாதவாறு பதியலாம். அந்தப் பதிவைக் கேட்டுப் பெறும் உரிமை நோயாளருக்கு இருக்க வேண்டும். இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பு வகையில் சேர்த்திருக்கிறது. ஆனால், கிளினிக்கின் திரையை யார் பக்கம் திருப்பி வைப்பது என்பதைச் சட்டம் சொல்லித்தராது. நோயறிதலையும் ஆலோசனைக் குறிப்பையும் பார்க்கும் அனுமதி பதிவு மேசைக்குத் தேவையே இல்லை. அவர்களுக்கு இலக்கமும் திகதியும் போதும்.

குறுஞ்செய்தி நினைவூட்டலிலும் இதே கவனம் வேண்டும். சந்திப்புகள் தவறுவதை அது குறைக்கிறது என்று பல நாடுகளில் காட்டப்பட்டிருக்கிறது, செலவும் குறைவு. ஆனால், சின்னம்மாவின் கைபேசியை முதலில் எடுத்துப் பார்ப்பவர் பேரப்பிள்ளை. ஆகவே, அனுப்புநரின் பெயரிலோ செய்தியிலோ நோயைக் காட்டும் எதுவும் இருக்கக் கூடாது; "வியாழன் காலை 8 மணிக்கு வாருங்கள்" என்பதற்கு மேல் ஒரு சொல் தேவையில்லை. சுருக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள். தமிழில் 70 தான், அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். தாராளமாக எழுதினால் செய்தி இரண்டாக உடைந்து இரட்டைக் கட்டணமாகும். எழுத்து வாசிக்காதவர்களுக்குப் பதிவுசெய்த குரல் அழைப்பே பொருத்தம், அது எங்கள் பேச்சுத்தமிழில் இருந்தால்.

உரையாடும் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உணவுண்ணல் கோளாறு உள்ளவர்களுக்கென அமெரிக்க அமைப்பொன்று வைத்திருந்த ரெசா என்ற உரையாடி, நிறை குறைக்க ஆலோசனை கூறியதால் 2023 இல் நிறுத்தப்பட்டது. பெரிதும் பேசப்பட்ட வோபொட் செயலி 2025 இல் மூடப்பட்டது. ஆங்கிலத்தில் இந்த நிலை என்றால், "நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி" என்று தொடங்கும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவை அவை எப்படி விளங்கிக்கொள்ளும் என்பதில் எனக்கு அவசர நம்பிக்கை இல்லை.

வராதோர் பட்டியலுக்கு ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும்: வராத காரணம். படகில்லை, நாள்கூலி போய்விடும், கூட்டி வர ஆளில்லை, மருந்து குடித்தால் உமிழ்நீர் வடிகிறது, மகனிடம் கனடாவுக்குப் போய்விட்டார், இறந்துவிட்டார், திருவிழா. சின்னம்மாவின் கோப்பில் "மருந்தை நிறுத்தியவர்" என்று ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தது. தேர்த்திருவிழா என்று எங்கும் இல்லை. காரணங்களை ஒரு வருடம் சேர்த்துப் பார்த்தால், கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரைக்குமான அந்த 25 நாள்களில் நல்லூரைச் சுற்றியுள்ளவர்களுக்கு ஊசித் திகதியை ஒரு கிழமை முந்தி வைக்கலாமா, கூலிக்குப் போவோருக்கு மாலைக் கிளினிக் ஒன்று நடத்தலாமா, உமிழ்நீர் வடிபவருக்கு மருந்தை மாற்றலாமா என்று பேசுவதற்கு ஒரு மேசையாவது கிடைக்கும். நிறுத்தியவர் என்ற சொல்லை வைத்துக்கொண்டு எதையும் பேச முடியாது.

தொடங்குவதற்குப் பெரிய முறைமை எதுவும் வேண்டாம். ஒரே ஒரு கிளினிக், அதிலும் நீண்டநாள் ஊசியும் குளோசப்பினும் லிதியமும் எடுப்பவர்கள் மாத்திரம். கடவுச்சொல் இட்ட ஒரு கணினியில் இலக்கம், மருந்து, கடைசித் திகதி, அடுத்த திகதி, காரணம் என்று ஐந்து கட்டங்கள். அதோடு பட்டியலைக் கையிலெடுக்கும் ஒரு தாதிக்கோ சமூகப் பணியாளருக்கோ வாரத்தில் இரண்டு பிற்பகல்கள், ஒரு கைபேசி, பெற்றோலுக்கு ஒரு கொடுப்பனவு. அதற்கான மென்பொருளை நான் ஒரு வார இறுதியில் எழுதிக் கொடுப்பேன், இங்கே என்னைப் போல் கொடுக்கக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பெற்றோல் கொடுப்பனவில் கையெழுத்திட வேண்டியவர் வேறொருவர்.